எஸ்தருக்கு, புரூஜ் போய்வந்த சேதி

அன்புள்ள எஸ்தர்,

அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடந்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. முழங்கால் ஆபரேஷனைவிட அதற்குப் பிந்திய பயிற்சிதான் முக்கியம். இத்தனை வருஷம் வார்டில் நின்ற உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் நீ சொன்னால் சிணுங்குவார்கள், சாந்தி சொன்னாள் என்றால் கேட்பார்கள். அப்படியே சொல்.

இங்கே குளிர் ஒருவழியாக விட்டது. போன சனி ஞாயிறு நானும் இவரும் பெல்ஜியத்தின் பழைய ஊரான புரூஜ் போய்வந்தோம். பிரஸ்ஸல்ஸிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்தான். பெரும்பாலானவர்கள் காலையில் வந்து சாயங்காலம் திரும்பிவிடுகிறார்கள். அந்த ஊரில் ஒரு ராத்திரியாவது தங்க வேண்டும், எஸ்தர். பகலில் கடைவீதியில் தோள் இடிக்காமல் நடக்க முடியாது. படகுத்துறையில் நீண்ட வரிசை. பஸ்களெல்லாம் கிளம்பிப் போன பிறகு ஊர் அந்த ஊர்க்காரர்களுக்கே திரும்பக் கிடைக்கிறது. கால்வாய் ஓரமாக நாங்கள் பேசாமல் நடந்துகொண்டே இருந்தோம். எங்கே போகிறோம் என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

இவ்வளவு பழைய ஊர் எப்படி இடிபடாமல் நின்றது என்று எனக்கு ஆச்சரியம். விசாரித்தால், கதை கடலில் தொடங்குகிறது. 1134-இல் அடித்த ஒரு பெரும்புயல் கடற்கரையைப் பிளந்து, ஸ்வின் என்ற நீர்வழியை உண்டாக்கிவிட்டது. அதன் வழியாகக் கப்பல்கள் ஊருக்குப் பக்கத்தில் வர முடிந்தது. இங்கிலாந்துக் கம்பளி, பிரான்ஸ் ஒயின், 1277-லிருந்து ஜெனோவா நகரத்துக் கப்பல்கள் என்று செல்வம் கொட்டியிருக்கிறது. நம் பக்கத்து மிளகுகூட வெனிஸ் வியாபாரிகள் கைமாறி இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. பிறகு அந்த நீர்வழியில் வண்டல் படிந்துகொண்டே வந்தது. 1500 வாக்கில் பெரிய கப்பல் எதுவும் வர முடியாத நிலை. நம் கொற்கைக்கு நடந்ததேதான். போதாததற்கு, 1488-இல் ஊர்மக்கள் தங்கள் ஆட்சியாளர் மாக்சிமிலியனையே பிடித்து அடைத்து வைத்துவிட்டார்கள். அவர் வெளியே வந்த பிறகு அயல்நாட்டு வியாபாரிகளை ஆன்ட்வெர்ப்புக்குப் போகச் சொன்னார். கடலும் போயிற்று, அரசனின் தயவும் போயிற்று.

அதற்குப் பிறகு பல நூறு வருஷம் வறுமைதான். பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்ட யாரிடமும் பணம் இல்லை. பிற்காலத்தில் செப்பனிட்டவையும் பல உண்டு என்றாலும், தெருக்களும் கால்வாய்களும் பழைய போக்கிலேயே இருக்கின்றன. 2000-இல் பழைய நகரம் முழுவதையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நாம் ரசித்துப் பார்க்கிற ஒவ்வொரு செங்கல் சுவரும் யாரோ பசியோடு இருந்த காலத்தின் மிச்சம் என்பது மனதைவிட்டுப் போகவில்லை.

அந்த வறுமையில் பெண்களுக்குக் கைகொடுத்தது லேஸ். லேஸ் மையத்தில் வயதான அம்மாக்கள் உட்கார்ந்து பின்னுவதைப் பார்த்தேன். திண்டின் மேல் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சின்னச் சின்ன மரக்குச்சிகளை மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். கலகலவென்று அந்தச் சத்தம்! எனக்கு உடனே உன் இடையன்குடி ஆச்சி ஞாபகம் வந்துவிட்டது. கால்டுவெல் ஐயரின் மனைவி எலைசா அம்மையார் அந்த ஊர்ப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்த வேலைதானே அது. அதே திண்டு, அதே குச்சி, விரல்களின் அதே வேகம். ஒரு அம்மாவிடம், எங்கள் ஊர்ப் பக்கத்திலும் இதைச் செய்வார்கள் என்று சொன்னேன். கையை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

நீ அவசியம் பார்க்க வேண்டியது புனித ஜான் ஆஸ்பத்திரி. 12-ஆம் நூற்றாண்டில் தொடங்கியது, இப்போது மியூசியம். உயரமான மர உத்தரங்கள் தாங்கிய நீண்ட கூடம்தான் வார்டு. அங்கே 1778-இல் பேர்ப்ளாக் என்பவர் வரைந்த ஓவியம் ஒன்று இருக்கிறது, அதே வார்டைப் பற்றியது. அதன் முன்னால் வெகுநேரம் நின்றேன். வரிசை வரிசையாக மரத்தடுப்பு வைத்த கட்டில்கள். கன்னியர்கள் சாப்பாடு கொண்டுபோகிறார்கள், ஒருத்தி தரையைத் தேய்க்கிறாள், நடக்க முடியாத நோயாளியை மூடிய நாற்காலியில் வைத்துச் சுமந்து வருகிறார்கள். எல்லாரும் ஒரே சமயத்தில் வேலையாக இருக்கிறார்கள். உன் நைட் டியூட்டி நாட்களில் உனக்கு டிபன் கொடுக்க வந்து நான் பார்த்த காட்சி இதேதான், உடைதான் வேறு.

அந்த ஆஸ்பத்திரிக்கென்றே ஹான்ஸ் மெம்லிங் என்ற பெரிய ஓவியர் வரைந்து கொடுத்தவையும் அங்கேயே இருக்கின்றன. புனித உர்சுலாவின் நினைவுப்பொருட்களை வைக்க 1489-இல் செய்த பேழை, சின்ன தேவாலயம் மாதிரி, சுற்றிலும் உள்ளங்கையகலக் காட்சிகள். ஏழை நோயாளிகள் படுத்திருந்த இடத்துக்கு, ஊரிலேயே சிறந்த ஓவியனைக் கொண்டு வரைய வைத்திருக்கிறார்கள் பார்! அந்த எண்ணம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. எதிரே மாதா கோயிலில் மைக்கேலாஞ்சலோ செதுக்கிய மாதாவும் குழந்தையும் இருக்கிறது. 1944-இல் ஜெர்மானியப் படையினர் மெத்தையில் சுற்றித் தூக்கிக்கொண்டு போன சிலை; பிறகு ஆஸ்திரியாவில் ஓர் உப்புச் சுரங்கத்திலிருந்து மீட்டார்கள். அழகுதான். ஆனாலும் என் மனம் அந்த வார்டிலேயே இருந்தது.

மணிக்கூண்டுக்கு 366 படி. நான் ஏறினேன், இவர் கீழே சதுக்கத்துக் கடையில் உருளைக்கிழங்கு ஃப்ரைஸ் வாங்கிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்துவிட்டார். இருவருக்கும் திருப்தி.

மே மாதம் நீ ரிட்டையர் ஆகிறாயல்லவா? அம்மா நன்றாக நடக்கத் தொடங்கிய பிறகு, செப்டம்பரில் இங்கே வா. அழைப்புக் கடிதம் நான் அனுப்புகிறேன், நீ பாஸ்போர்ட் நகலை மட்டும் அனுப்பு. விசாவுக்கு ஜூனிலேயே விண்ணப்பித்துவிடலாம். ஆச்சி பின்னிய லேஸ் துண்டு ஏதாவது பெட்டியில் இருந்தால் மறக்காமல் எடுத்து வை. அந்த லேஸ் அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

அன்புடன்,
சாந்தி