கறுப்புத் திரையைப் பார்த்து எல்லாவற்றையும் அழித்துவிடாதே

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். என்விடியா கிராஃபிக்ஸ் கார்டுக்கான டிரைவர் போட்டு ரீஸ்டார்ட் செய்ததும் டெஸ்க்டாப் வரவில்லை, மூலையில் ஒரு கோடு மட்டும் மினுக்குகிறது, ராத்திரியே உபுண்டு லினக்ஸை அடியோடு அழித்துப் புதிதாகப் போடப் போகிறேன் என்று சொல்லியிருந்தாய். வேண்டாம் கண்ணு. கணினி உயிரோடுதான் இருக்கிறது. கெர்னல், அதாவது லினக்ஸின் மையப்பகுதி, ஓடுகிறது, உன் ஃபைல்கள் ஹோம் ஃபோல்டரில் அப்படியே இருக்கின்றன. படம் காட்டும் பகுதி மட்டும்தான் எழுந்திருக்கவில்லை.

முதலில் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்து. எழுத்து மட்டும் தெரியும் லாகின் வரும். பாஸ்வேர்டு அடிக்கும்போது திரையில் ஒன்றும் தெரியாது, பயப்படாமல் அடித்து என்டர் தட்டு. அதுவும் வரவில்லை என்றால், ரீஸ்டார்ட் செய்யும்போது எஸ்கேப் தட்டி, எதைத் தொடங்குவது என்று கேட்கும் கிரப் மெனுவுக்குப் போ. முதல் வரியில் நின்று 'இ' எழுத்தை அழுத்து, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் நோமோடுசெட் என்று சேர் (புது டிரைவரை நம்பாமல் எளிய திரையோடு தொடங்கச் சொல்வது அது), எஃப்10 அழுத்து. இது அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான். அடுத்த முறை தானாகப் போய்விடும், அதனால் எதுவும் கெட்டுப்போகாது. உள்ளே போனதும் முக்கியமான ஃபைல்களை ஒரு பென் டிரைவில் எடுத்து வை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

இப்போது ஒன்று கேட்கிறேன். டிரைவர் போடும்போது நடுவில் ஒரு புது பாஸ்வேர்டு கேட்டது, ரீஸ்டார்ட்டில் நீலத்திரை ஒன்று வந்து போனது என்று போகிறபோக்கில் சொன்னாய் அல்லவா? எனக்கு அதன்மேல்தான் சந்தேகம். செக்யூர் பூட் என்பது நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் காவல். அது இயங்கும் கணினியில், நம்பிய டிஜிட்டல் சாவியால் கையெழுத்திடாத மாட்யூலை, அதாவது கெர்னலோடு சேரும் டிரைவர் துண்டை, கெர்னல் ஏற்றாது. அந்தச் சாவியை நீதான் பதிவுசெய்கிறாய் என்று உறுதிப்படுத்தத்தான் அந்த நீலத்திரை. பத்து வினாடிக்குள் ஒரு கீயாவது அழுத்தாவிட்டால் அது பேசாமல் கடந்துபோய்விடும். சாவி பதிவாகாமலே கணினி தொடங்கும். டிரைவர் பேக்கேஜோ, லினக்ஸோடு வந்து முன்பு படம் காட்டிக்கொண்டிருந்த நூவோ டிரைவரை ஏற்றக்கூடாது என்று ஏற்கெனவே தடுத்திருக்கும். பழையதும் வராது, புதியதும் வராது. டெஸ்க்டாப் எழ முடியாமல் நிற்பது அதனால்தான்.

ஊகத்தை நம்பி எதையும் கழற்றாதே, கணினியையே கேள். மோட்புரோப் கட்டளையால் என்விடியா மாட்யூலைக் கையால் ஏற்றிப் பார். "கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்" என்று வந்தால் நான் சொன்னதேதான். மோக்யூட்டில் கட்டளையின் இம்போர்ட் வழியே அந்தச் சாவியை மறுபடி கொடு. ஒரு பாஸ்வேர்டு கேட்கும், ஒருமுறைக்குத்தான் என்பதால் எளிதாகவே வை. ரீஸ்டார்ட் செய்துவிட்டு எழுந்து போகாதே, திரையைப் பார்த்தபடி உட்கார். நீலத்திரை வந்ததும் ஏதாவது ஒரு கீயைத் தட்டி, என்ரோல் எம்ஓகே (சாவியைப் பதிவுசெய் என்று அர்த்தம்), கன்டினியூ, எஸ், அந்தப் பாஸ்வேர்டு, ரீபூட். அவ்வளவுதான்.

செக்யூர் பூட்டையே நிறுத்திவிடு என்று பலரும் சொல்வார்கள். வேலை முடியும், மறுக்கவில்லை. ஆனால் அதே கணினியில் பிட்லாக்கர் என்ற டிஸ்க் பூட்டு போட்ட விண்டோஸும் இருந்தால் அது ரெக்கவரி கீ கேட்டு நிற்கும். கதவைக் கழற்றி வைப்பதைவிடச் சாவி போடுவதுதான் எனக்குப் பிடிக்கும்.

வேறு பிழை வந்தால் மாட்யூலைக் கட்டித்தரும் டிகேஎம்எஸ் கருவியின் ஸ்டேட்டஸ் பார். மாட்யூல் ஒவ்வொரு கெர்னலுக்கும் தனியாகக் கட்டப்பட வேண்டியது. இப்போது ஓடும் கெர்னலின் ஹெடர் பேக்கேஜ் இல்லாவிட்டால் கட்டவே முடியாது. மாட்யூல் ஏறியும் டெஸ்க்டாப் வராவிட்டால், ஈடிசி ஃபோல்டரின் எக்ஸ்11-க்குள் திரை அமைப்பைச் சொல்லும் பழைய எக்ஸ்ஆர்க் கான்ஃப் ஃபைல் கிடக்கிறதா என்று பார்த்துப் பெயரை மாற்றி வை. எதுவுமே சரிப்படவில்லை என்றால் என்விடியா பேக்கேஜ்களை ஆப்ட் பர்ஜ் கட்டளையால் முழுதாக நீக்கி ரீஸ்டார்ட் செய். நூவோ திரும்பி வரும், டெஸ்க்டாப்பும் வரும். நிதானமாக மறுபடி தொடங்கலாம்.

இனிமேல் டிரைவரை உபுண்டுவின் சொந்தப் பட்டியலிலிருந்தே போடு. வெளியிலிருந்து டவுன்லோடு செய்த ரன் ஃபைலை, மென்பொருள்களை நிர்வகிக்கும் பேக்கேஜ் மேனேஜருக்குத் தெரியாது. எப்போதாவது கெர்னல் அப்டேட்டுக்குப் பிறகு திரை இருண்டால், கிரப்பின் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் பழைய கெர்னல் இருக்கும், அதில் தொடங்கு.

கட்டளைகளை எழுத்துப் பிசகாமல் உன் போனுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். மோட்புரோப் என்ன சொல்கிறது என்பதைப் போட்டோ எடுத்து அனுப்பு. எத்தனை மணியானாலும் கூப்பிடு, சேர்ந்தே பார்ப்போம்.

அன்புடன்,
அம்மா