உப்புக்காக வெட்டிய வாய்

யாழ்ப்பாணம்,
கார்த்திகை மாதம்.

அன்புமிக்க நண்பருக்கு,

உமது கடிதம் போன கிழமை கைக்குக் கிடைத்தது. கண் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்ததென்று அறிந்து நிம்மதியடைந்தோம். மயிலாப்பூரில் உமது வீட்டுக்குப் பின்னால் ஓடும் பக்கிங்காம் கால்வாயைப் பற்றி நீர் எழுதியிருந்த இரண்டு பக்கங்களையும் வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். 1806 இல் பாசில் காக்ரேன் என்பவர் எண்ணூர்ப் பக்கமாக வெட்டத் தொடங்கிய கால்வாய், 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தில் பசித்த மக்களின் கைகளால் கூவத்திலிருந்து அடையாறு வரை நீண்டதையும், அப்போதைய ஆளுநரின் பெயரைப் பெற்றதையும், விறகும் உப்பும் ஏற்றிய தோணிகள் போன அந்த நீரில் இன்று பறக்கும் ரயிலின் தூண்கள் ஊன்றி நிற்பதையும் படித்தபோது எனக்கும் மனம் கனத்தது. ஆனால் கடைசியில், "எங்கள் யாழ்ப்பாணத்தில் சொல்லிக்கொள்ள ஒரு கால்வாய்கூட இல்லையே" என்று முடித்திருந்தீர். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதத்தை உடனே எழுத உட்கார்ந்தேன். நாம் இருவரும் நீந்தப் பழகிய தொண்டைமானாற்றை எப்படி மறந்தீர்? பெயரில் ஆறு என்று இருப்பதால் அதைக் கணக்கில் எடுக்காமல் விட்டீர் போலும்.

ஆறு என்று நாம் அழைத்தாலும், அது மலையில் பிறந்து வரும் நீரல்ல என்பது உமக்குத் தெரியும். வடமராட்சிக் கடல்நீரேரி வடக்கே கடலோடு கலக்கும் ஒடுங்கிய வாய் அது. முற்காலத்தில் வல்லி நதி என்று பெயர் பெற்றிருந்த அந்த நீர்வழியை, முதலாம் குலோத்துங்க சோழனின் தளபதியான கருணாகரத் தொண்டைமான் வெட்டி ஆழமாக்கி, கப்பல்கள் உள்ளே வந்து போகச் செய்தான் என்பது நமது முன்னோர் வழிவழியாகச் சொல்லிவந்த கதை. கலிங்கத்தை வென்றவனென்று கலிங்கத்துப்பரணி பாடுகின்ற அதே தொண்டைமான்தான். கரணவாய்ப் பக்கத்தில் தானாக விளைந்த உப்பை மரக்கலங்களில் ஏற்றிச் செல்வதற்காகவே அவன் அந்த வாயை வெட்டினானாம். உரும்பிராயில் உள்ள கருணாகரப் பிள்ளையார் கோவிலையும் அவன் பெயரோடு சேர்த்தே ஊரார் சொல்கிறார்கள். பரணியில் வருவது அவனுடைய கலிங்கப் போர்தான்; கால்வாய்க் கதையை நமக்குத் தந்தது ஊரின் வாய்மொழி. ஆயினும் ஒரு வேற்றூர்த் தளபதியின் பெயரை ஓர் ஊரும் அதன் நீரும் இத்தனை காலம் சுமந்து வந்திருப்பதைச் சிறிய சான்றென்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. உமது கால்வாயில் ஆளுநர் ஒருவரின் பெயர் ஒட்டியிருப்பது அரசின் ஆணையால். இங்கே தொண்டைமானின் பெயர் ஒட்டியிருப்பது மக்களின் நாவால்.

உப்பு விளைகிற விதத்தை நீர் சிறுவயதில் பார்த்திருப்பீர். ஆடி, ஆவணி வெயிலில் ஏரி வற்றி, கரைச் சேறு பாளம் பாளமாக வெடிக்கும்போது, அந்த வெடிப்புகளின் ஓரங்களில் வெள்ளை படர்ந்து நிற்கும். ஒரு முறை நீர் அதை விரலால் சுரண்டி மாங்காய்த் துண்டில் தடவித் தின்றீர். கசக்கிறதென்று துப்பவும் செய்தீர். மரக்கலம் தேடி வந்த பொருள் அதுதான். தொண்டைமானாற்றுக்குக் கிழக்கே சிறிது தூரத்தில் இருக்கும் வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், நம்மூர் மாலுமிகளோடு 1938 இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. அந்தக் கரைக்குக் கடலோட்டம் புதிதல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இனி, கரையில் இருக்கிற செல்வச்சந்நிதிக்கு வருகிறேன். ஆற்றங்கரையான் என்று நம் தாய்மார் சொல்லிக் கும்பிட்ட முருகன் அவன். மீன்பிடித் தொழில் செய்த மருதர் கதிர்காமர் என்பவரை முருகன் ஒரு சிறுவனாக வந்து கரைக்கு அழைத்து, பூசை செய்யும் முறையையும் தானே சொல்லிக் கொடுத்தான் என்பது தலவரலாறு. அதனால்தான் அங்கே இன்றும் பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, மந்திரம் ஓதாமல், கதிர்காமத்து முறையில் பூசை செய்கிறார்; 65 ஆலிலைகளில் அமுது படைக்கிறார். சின்னக் கதிர்காமம் என்று பெயர் வந்ததும் அதனால்தான்; கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகிற அடியார்கள் தங்கள் நடையை அங்கிருந்தே தொடங்குகிறார்கள். பெரிய கோபுரங்கள் எழுந்த கோவில்கள் நம் நாட்டில் பல இருக்க, ஒரு கடற்றொழிலாளியின் கையால் தொடங்கிய வழிபாடு இந்த நீரின் ஓரத்தில் இத்தனை உயர்வு பெற்றது எனக்கு எப்போதும் பெருமையான விஷயம். மடங்களில் பந்தியில் உட்கார்ந்து சோறு வாங்கும்போது யாரும் யாரையும் எந்த ஊரென்று கேட்பதில்லை. உமது அம்மா வெள்ளிக்கிழமைகளில் நம்மைக் கூட்டிக்கொண்டு போய், முதலில் ஆற்றில் கால் நனைக்கச் சொல்லிப் பிறகுதான் உள்ளே விடுவார் என்பது இன்றும் அப்படியே நினைவிருக்கிறது.

இப்போது என் மனதை அரித்துக்கொண்டிருக்கும் விஷயத்தைச் சொல்கிறேன். உப்பை வெளியே கொண்டுபோகத் திறந்த அதே வாயில், உப்பு உள்ளே வராமல் தடுப்பதற்காகப் போன நூற்றாண்டின் நடுப்பகுதியில் கதவுகள் போட்டார்கள். நாம் சிறுவர்களாக நின்று குதித்த பாலத்தின் கீழே இருந்தவை அந்தக் கதவுகள்தான். மாரியில் ஏரி நிறையும்போது கதவைத் திறந்து வெள்ளத்தைக் கடலுக்கு விடுவதும், நீர்மட்டம் இறங்கும்போது மூடிக் கடலை வெளியே நிறுத்துவதுமாக ஆண்டுக்கு ஆண்டு செய்துவந்தால், மழைநீர் மண்ணிலுள்ள உவரைச் சிறிது சிறிதாகக் கழுவிவிடும். எங்கள் நிலத்தடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புகளில் தேங்கும் மழைநீர் கீழே உள்ள உப்புநீரின்மேல் மிதக்கிறது. கிணற்றில் அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலுள்ள உப்பு மேலே ஏறிவிடும். துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே அளவாக இருந்தது. வாட்டர் பம்புக்குக் களைப்பில்லை.

நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆறுமுகம் 1954 இல் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்ற திட்டமும் இந்த வாயை நம்பியதே. கனகராயன் ஆறு கொண்டுவந்து ஆனையிறவு நீரேரியில் கொட்டும் நீரைக் கடலுக்கு விடாமல் மறித்து, முள்ளியான் கால்வாய் வழியாக வடமராட்சி ஏரிக்கும், அங்கிருந்து உப்பாறு நீரேரிக்கும் கொண்டுவர வேண்டும் என்றார் அவர். 1960களில் வேலைகள் நடந்தன, முழுமையாகவில்லை. பின்னர் வந்த போர்க்காலத்தைப் பற்றி உமக்கு நான் எழுத வேண்டியதில்லை. பராமரிப்பில்லாமல் பழுதடைந்த கதவுகளைப் பிற்காலத்தில் திருத்தியிருக்கிறார்கள். ஆனால் மேலேயிருந்து நன்னீர் வந்து சேரும்வரை அந்தக் கதவு பாதி வேலையைத்தான் செய்யும். மீன்பிடிப்பவர்களுக்கும் இதில் ஒரு நியாயம் உண்டு: கடல் உள்ளே வந்தால்தான் இறால் குஞ்சு உள்ளே வரும். கதவை எப்போது திறப்பது என்பதை வயல்காரரும் வலைகாரரும் ஒன்றாக உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

உமது கடிதம் வந்த மறுநாள் மழை விட்டிருந்தது. அச்சுவேலி வழியாக பஸ்ஸில் போய்ப் பாலத்தில் இறங்கினேன். கதவுகள் திறந்திருந்தன. உட்பக்கத்து நீர் தேநீர் நிறத்தில் சுழித்து வந்து, கதவைத் தாண்டியதும் நுரைத்து, கொஞ்சத் தூரத்தில் கடலின் பச்சையோடு கோடு கிழித்ததுபோல் பிரிந்து நின்றது. ஓர் இளைஞன் இடுப்பளவு நீரில் நின்று வீச்சுவலையை எறிந்துகொண்டிருந்தான். பறியில் திரளி நாலைந்து கிடந்தன. திரும்பும்போது, கரையோரத்தில் நமக்குத் தெரிந்த அந்த வளவுக் கிணற்றில் ஒரு வாளி அள்ளி வாய் கொப்பளித்துப் பார்த்தேன். சவர்தான், ஆனால் கார்த்திகையில் அது குடிக்கக்கூடிய சவர். சித்திரையில் மறுபடியும் போய்ப் பார்த்து எழுதுகிறேன்.

ஆவணியில் சந்நிதித் திருவிழாவுக்கு வருவதாகச் சொன்னீர். தேர் நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடும். பாலத்தில் நின்று பேச வேண்டியவை நிறைய இருக்கின்றன. உப்புத் தோணிகள் எண்ணூர்ப் பக்கத்திலிருந்து சென்னைக்கு வந்ததை நேரில் பார்த்த முதியவர் யாரும் உம் தெருவில் இருந்தால், அவர்களிடம் கேட்டு, அந்தத் தோணி எவ்வளவு அகலம், எத்தனை பேர் தள்ளினார்கள் என்று எனக்கு எழுதும்.

என்றும் உமது அன்புள்ள,
ச.