செயலாளர் ஆண்டறிக்கை: ஸ்டோர் ரூமும் ஒரு அரைகுறை டேப்பும்

தலைவர், கமிட்டி, சங்கத்து அக்கா அண்ணன் தம்பி தங்கச்சி எல்லாருக்கும் வணக்கம். போன வருஷம் நான் அறிக்கை படிச்சு முடிக்கறதுக்குள்ள டீ ஆறிப்போச்சுன்னு புகார் வந்துச்சு, அதனால வழக்கமான விஷயத்தையெல்லாம் சட்டுனு சொல்லி முடிச்சிடறேன். பொங்கல் நல்லா நடந்துச்சு. விளையாட்டுப் போட்டி மழையில நனைஞ்சு பாதியில நின்னுச்சு, இங்கிலாந்துல இருந்துட்டு அதுக்கு யாரைக் குத்தம் சொல்றது. தமிழ் வகுப்புக்குப் புதுப் பிள்ளைங்க சேர்ந்திருக்காங்க, டீச்சர்தான் பத்தல. ஹால் வாடகை ஏறியிருக்கு, கணக்கு பொருளாளர் சொல்வார், அவர் முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

இனி ஸ்டோர் ரூம். அதைக் காலி பண்ணணும்னு எத்தனையோ கமிட்டி தீர்மானம் போட்டாச்சு, இந்த வருஷம்தான் நிஜமா கதவைத் திறந்தோம். உடைஞ்ச ஒலிபெருக்கி, நாடகக் கிரீடம், எந்த விழாவுதுன்னே தெரியாத பேனர், அதுக்கெல்லாம் அடியில ஒரு பழைய விஎச்எஸ் வீடியோ டேப், மேல நீல மையில ‘பாட்டு, ஏப்ரல் 82’ன்னு தமிழ்ல எழுதியிருந்துச்சு. கையெழுத்தைப் பார்த்ததுமே பழைய ஆளுங்களுக்கு யாருதுன்னு தெரிஞ்சுபோச்சு, சங்கம் ஆரம்பிச்ச காலத்து ஐயா ஒருத்தர், இப்ப நம்மகூட இல்ல. அவங்க மகள்கிட்ட கேட்டோம், தாராளமா போட்டுப் பாருங்க, எனக்கும் ஒரு காப்பி குடுங்கன்னு சொன்னாங்க. பிளேயர் தேடறதுதான் பெரும்பாடு, முதல்ல கிடைச்ச மெஷின்ல வேற ஒரு பழைய டேப்பை விட்டுப் பார்த்தோம், நல்லவேளை, ஏன்னா அது அதை அப்படியே மென்னு துப்பிடுச்சு. ரெண்டாவது மெஷின் ஒழுங்கா ஓடுச்சு.

படம் வந்ததும் கலர் கலரா இசைத்தட்டு பறந்து வந்து வெடிக்குது, எனக்குப் பின்னாடி ஒரு அக்கா ‘டாப் ஆஃப் த பாப்ஸ்!’னு கத்திட்டாங்க. இளசுங்களுக்காகச் சொல்றேன், அது பிபிசில வாராவாரம் வந்த பாப் பாட்டு சார்ட் நிகழ்ச்சி, சார்ட்னா அந்த வாரம் எந்தப் பாட்டு ரெக்கார்டு அதிகமா வித்துச்சுங்கற வரிசை, 1964 ஜனவரி 1ல மான்செஸ்டர்ல சர்ச்சா இருந்த ஒரு கட்டிடத்துல இருந்து ஆரம்பிச்சு 2006 ஜூலை வரைக்கும் ஓடுச்சு. 82ல வியாழக்கிழமை சாயங்காலம். சார்ட்ல ஏறுற பாட்டைத்தான் போடுவாங்க, இறங்கற பாட்டுக்கு அங்க இடம் கிடையாது, கடைசில முதலிடம். பெரும்பாலும் சும்மா வாயசைப்புதான், அதுலயும் ஒருத்தர் கிதாருல ஒயரே இல்லாம வெறித்தனமா வாசிச்சிட்டு இருந்தார், பசங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க.

பலூன், கொடி, காரணமே இல்லாம கத்தற கூட்டம், இதுக்கு நடுவுல திடீர்னு சிதார் சத்தம், ஒரு பொண்ணு சேலை கட்டிக்கிட்டு நிக்குது. ஷீலா சந்திரா. மான்சூன் குழு, பாட்டு ‘எவர் சோ லோன்லி’. ஹால் அப்படியே அமைதியாயிடுச்சு. அவங்களுக்கு அப்ப 17 வயசு, லண்டன் வாட்டர்லூவுல பிறந்தவங்க, குடும்பம் தென்னிந்தியா. அந்தப் பாட்டு 12ம் இடம் வரைக்கும் போச்சு.

இந்தப் பாட்டை மட்டும் தனியா நான் முன்னாடியும் பார்த்திருக்கேன், ஆனா முழு நிகழ்ச்சியோட பார்க்கறது வேற மாதிரி இருந்துச்சுங்க, அதைச் சொல்லத்தான் இந்த அறிக்கையே இவ்ளோ நீளம். தனியா பார்த்தா அழகான பழைய பாட்டு, அவ்ளோதான். முன்னாடியும் பின்னாடியும் வந்ததையெல்லாம் சேர்த்துப் பார்த்தாதான் அந்தப் பொண்ணு எவ்ளோ தனியா அங்க நின்னுச்சுன்னு புரியுது. எங்க மூத்த அக்கா ஒருத்தங்க சொன்னாங்க, அந்த வருஷமெல்லாம் சேலை கட்டிட்டு பஸ் ஸ்டாப்ல நின்னா யாராவது ஏதாவது கத்திட்டுப் போவாங்க, மேல கோட்டைப் போட்டு மூடிட்டுதான் வேலைக்குப் போவேன், அப்படி இருக்கறப்ப நாடே பார்க்கற டிவில ஒருத்தி சேலையில வந்து பாடினதும் நான் அடுப்பை அணைச்சிட்டு ஓடி வந்து பார்த்தேன்டான்னு. இத்தனை வருஷப் பழக்கத்துல இதை அவங்க சொல்லி நான் கேட்டதே இல்ல.

அடுத்து பேசினது நம்ம உறுப்பினர் ஒருத்தர், சின்ன வயசுல ஒரு ரெக்கார்டு கடையில சனிக்கிழமை வேலை பார்த்தவர். அப்ப கம்ப்யூட்டர் கணக்கு கிடையாது, அது 83லதான் வந்துச்சு. தேர்ந்தெடுத்த கடைங்களுக்கு ஒரு டைரி குடுப்பாங்க, எது வித்தாலும் அதோட நம்பரைக் கையால எழுதணும், டைரியெல்லாம் லண்டன் போய் கணக்குப் பார்த்து செவ்வாய்க்கிழமை மதியம் ரேடியோ 1ல அறிவிப்பாங்க. இவர் கடைக்கும் டைரி வந்துச்சாம், ரெக்கார்டு கம்பெனி ஆளுங்க வந்து இலவசமா ரெண்டு இசைத்தட்டும் டி-ஷர்ட்டும் நீட்டி, தம்பி இந்த நம்பரை ஒரு நாலு தடவை எழுதிடுப்பான்னு கேட்பாங்களாம். நீங்க எழுதினீங்களான்னு கேட்டதுக்கு டி-ஷர்ட் நல்லாத்தான் இருந்துச்சுன்னு சொல்லிட்டு உட்கார்ந்துட்டார். வரப்போற கமிட்டித் தேர்தல்ல இவரை ஓட்டு எண்ண விடலாமான்னு சபைதான் முடிவு பண்ணணும்.

இப்ப முக்கியமான சோகம். தொகுப்பாளர் மைக்கை எடுத்து, இந்த வாரம் முதலிடம்னு ஆரம்பிக்கறார், படம் ஒரு குலுக்கு குலுக்குது, பார்த்தா பச்சை மேசை. ஸ்னூக்கர்! ஐயா அதே டேப்புல மே மாச உலக சாம்பியன்ஷிப் ஃபைனலைப் பதிவு பண்ணியிருக்கார். ஹாலே ‘ஐயோ’ன்னுச்சு. அவரைத் திட்டவும் முடியல, பிபிசியே டேப் விலை ஜாஸ்தின்னு 60கள்ல எடுத்த எபிசோடுல பெரும்பாலானதை அழிச்சு அது மேல வேற பதிவு பண்ணிடுச்சு, நம்ம ஐயா எந்த மூலைக்கு. ஆஃப் பண்ணலாம்னு ரிமோட்டைத் தேடறதுக்குள்ள அலெக்ஸ் ஹிக்கின்ஸ் 18க்கு 15னு ஜெயிச்சு, அழுதுகிட்டே கைக்குழந்தையைக் கொண்டு வரச் சொல்லிக் கூப்பிடறார், நம்ம அம்மாங்க பாதிப் பேர் கண்ணைத் துடைச்சிட்டு இருந்தாங்க. சார்ட் நிகழ்ச்சியை யாரும் அப்ப நினைக்கவே இல்ல.

அப்புறம் ஆரம்பிச்சது சண்டை. போன்ல தேடக்கூடாதுன்னு தலைவர் ஸ்டிரிக்ட்டா சொல்லிட்டார். டேப்புல தேதி இல்ல, ஏப்ரல் மட்டும்தான். அந்த மாசம் ஒரு வாரம் பக்ஸ் ஃபிஸ்ங்கற பாப் குழு முதலிடத்துல இருந்தாங்க, அடுத்து பால் மெக்கார்ட்னியும் ஸ்டீவி வொண்டரும் பாடின ‘எபோனி அண்ட் ஐவரி’ மூணு வாரம். பியானோவுல கறுப்பு கட்டை வெள்ளை கட்டை ஒத்துமையா இருக்கறதைப் பத்தின பாட்டு, சேலைப் பொண்ணு வந்த நிகழ்ச்சி அதுல போய் முடிஞ்சாதான் பொருத்தம்னு ஒரு கட்சி. பொருத்தம் பார்க்க இதென்ன கல்யாணமா, பக்ஸ் ஃபிஸ்தான்னு இன்னொரு கட்சி. ஒரு அக்கா, என் மூத்தவன் பிறந்த வாரம் ஆஸ்பத்திரி வார்டு டிவில எபோனி அண்ட் ஐவரி ஓடுச்சு, அந்த நிகழ்ச்சி இது இல்லன்னு சத்தியம் பண்ணாங்க, அந்த மூத்த மகனோ பக்கத்துலயே உட்கார்ந்து எனக்கு ஞாபகம் இல்லம்மான்னு கையை விரிச்சிட்டார்.

பேச்சைத் திருப்ப மிருதங்க மாஸ்டர்தான் வந்தார். ஷீலா சந்திரா 90கள்ல பண்ண ஆல்பங்கள்ல கொன்னக்கோல், அதாவது வாயாலயே தாளச் சொல் சொல்றது, இருக்குன்னு சொல்லி ஒண்ணைப் போட்டார், வகுப்புப் பிள்ளைங்க தகதிமி சொல்லிட்டே ஹாலைச் சுத்தி ஓடினாங்க. அவங்களால இப்ப பாட முடியாது, வாய் எரிச்சல் நோய் வந்து குரலை விட வேண்டியதாப் போச்சு. அதுக்கப்புறம் வீட்டுல தேவையில்லாத சாமான் சேராம வச்சுக்கறது எப்படின்னு புத்தகம் எழுதியிருக்காங்க. நம்ம கமிட்டி அதை முன்னாடியே வாங்கிப் படிச்சிருந்தா இந்த டேப் எப்பவோ குப்பைக்குப் போயிருக்கும்.

செலவுன்னு பார்த்தா பிளேயரும் பிஸ்கட்டும்தான், வந்த கூட்டம் தீபாவளிக்கு அடுத்தபடி. யார் வீட்டுப் பரண்ல பழைய டேப் இருந்தாலும் கொண்டு வாங்க, லேபிளைக் கிழிக்காதீங்க. ஐயா மகளுக்குக் காப்பி குடுத்தாச்சு, ஸ்னூக்கரோட சேர்த்துதான் வேணும்னாங்க. ரிமோட் இன்னும் கிடைக்கல, எடுத்துட்டுப் போனவங்க சத்தமில்லாம கிச்சன் மேசையில வச்சிடுங்க. மினிட்ஸ் புக்ல ‘முதலிடம்: தீர்மானிக்கப்படவில்லை’ன்னு எழுதி வச்சிருக்கேன், ஆட்சேபணை இருக்கறவங்க அடுத்த கூட்டத்துக்கு முன்னாடி எழுத்துமூலம் குடுக்கலாம்.