எண்ணெய்க் கப்பலின் இலக்கத்தையும் போடுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் எண்ணெய்க் கப்பல் ஒன்றின் பயணங்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். எங்கே ஏற்றியது, எங்கே இறக்கியது, எங்கே நங்கூரம் போட்டு நின்றது எல்லாம் விவரமாக இருந்தது. ஆனால் அதே கப்பல் சில வருடங்களுக்கு முன் இன்னொரு கப்பலோடு மோதி, கடலில் எண்ணெய் கொட்டியது என்ற விஷயம் கடைசியில் ஒரே வரியோடு முடிந்துவிட்டது. எனக்கு அந்த வரிதான் பெரிதாகப் பட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

மலையகத்தில் இருப்பவளுக்குக் கப்பலைப் பற்றி என்ன அக்கறை என்று சிலர் கேட்கலாம். கொலன்னாவையிலிருந்து ரயிலில் ஏறி வரும் எண்ணெய் எங்கள் கொட்டகலைக் களஞ்சியத்தில் இறங்கி, பவுசர்களில் ஊர் ஊராகப் போகிறது. கொழுந்து லொறியும் பாடசாலை பஸ்ஸும் அதில்தான் ஓடுகின்றன. 2022இல் கொடுக்க டொலர் இல்லாமல் கப்பல்கள் கொழும்புக்கு வெளியே காத்து நின்ற நாட்களில், கடைத்தெருவில் யாரைக் கண்டாலும் முதல் கேள்வி "கப்பல் வந்துருச்சா?" என்பதுதான். அந்த ஆகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபா ஆனது. அதில் நொந்து போனவர்கள் லயன் வீடுகளில் இருப்பவர்களும், சிறு படகு வைத்திருக்கும் கரையோர மீனவர்களும். கடலில் எண்ணெய் கொட்டினாலும் முதலில் தொழில் இழப்பது அதே மீனவர்கள்தானே.

2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். எரிவாயுவை இறக்கிவிட்டு வெளியே போன 'பிடபிள்யூ மேப்பிள்' கப்பலும், எண்ணெய் ஏற்றி உள்ளே வந்த 'டான் காஞ்சிபுரம்' கப்பலும் மோதின. சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பு எதுவும் இல்லை என்றுதான் துறைமுகம் முதலில் அறிவித்தது. அப்புறம் எர்ணாவூர்க் கரையில் பாறைகளெல்லாம் கறுப்புச் சேறு படிந்து கிடந்தது. மீனவர்களும் மாணவர்களும் தன்னார்வத் தொண்டர்களும் வாளியால் அள்ளி அள்ளி வெளியே கொட்டினார்கள். கடலாமைகள் செத்து ஒதுங்கின. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா போன எங்கள் பெரியம்மா குடும்பம் சென்னைப் பக்கம்தான் இருக்கிறது. மீன் வாங்கவே பயமாக இருக்கிறது என்று அப்போது போனில் சொன்னார்கள். நான்கு வருடம் கழித்து, 2021இல், கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து மூழ்கியபோது அதே பயம் எங்களுக்கும் வந்தது. அது கொள்கலன் கப்பல்தான், ஆனாலும் எங்கள் தோட்டத்துக்கு மீன் கொண்டுவரும் வேன்காரர் பல நாள் வெறுங்கையோடு திரும்பிப் போனார்.

இப்படி ஒரு விபத்தில் சிக்கிய கப்பல் பிறகு என்ன ஆகிறது? பெரும்பாலும் திருத்தி, மறுபடி ஓடவிடுகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் பெயர் மாறுகிறது, சொந்தக்காரர் மாறுகிறார், கொடியும் மாறுகிறது. பத்து வருடம் கழித்து அது நம் துறைமுகத்துக்கு வந்தால், பெயரை மட்டும் வாசிக்கும் நமக்கு எதுவும் தெரியப் போவதில்லை.

எக்ஸன் வால்டெஸ் பெயரை உங்கள் வாசகர்கள் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். 1989 மார்ச் 24 அன்று அலாஸ்காவில் பாறைத்திட்டில் ஏறி, சுமார் 37,000 தொன் மசகு எண்ணெயைக் கொட்டிய கப்பல். அந்தப் பெயரோடு அது அதிக காலம் ஓடவில்லை. எக்ஸன் மெடிட்டரேனியன் ஆனது, பிறகு சீ ரிவர் மெடிட்டரேனியன், பிறகு வெறும் மெடிட்டரேனியன். அதன்பின் தாது ஏற்றும் கப்பலாக மாற்றி டொங் ஃபாங் ஓஷன் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரோடு 2010இல் இன்னொரு சரக்குக் கப்பலோடு மோதியது. கடைசியில் ஓரியண்டல் நைசிட்டி என்ற பெயரில் 2012இல் குஜராத்தின் அலாங் கரைக்கு உடைக்கப் போனது. இத்தனைக்கும் நடுவில் மாறாமல் இருந்தது ஒன்றுதான், 8414520 என்ற ஐஎம்ஓ (சர்வதேச கடல்சார் அமைப்பு) இலக்கம்.

நம் ஊரில் பழைய வேன் வாங்கப் போகிறவர் பெயின்ட்டைப் பார்த்து முடிவெடுக்கமாட்டார், செசி நம்பரைத்தான் பார்ப்பார். இந்த ஏழு இலக்க எண் கப்பலுக்கு அப்படித்தான். பெரிய கப்பல்களுக்கு 1996 முதல் இது கட்டாயம். 2004 முதல் கப்பலின் உடலிலேயே அழியாதபடி பொறித்திருக்க வேண்டும். பெயரும் கொடியும் எத்தனை தடவை மாறினாலும் எண் மாறாது.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். மோதலில் சிக்கிய கப்பல் எல்லாமே குற்றவாளி அல்ல. 2007 டிசம்பர் 7 அன்று தென்கொரியாவின் தேயான் கரைக்கு அப்பால் ஹெபெய் ஸ்பிரிட் என்ற எண்ணெய்க் கப்பல் நங்கூரம் போட்டுச் சும்மா நின்றிருந்தது. இழுத்துச் செல்லப்பட்ட பாரந்தூக்கி மிதவை ஒன்று, கயிறு அறுந்து வந்து அதில் இடித்தது. 10,000 தொன்னுக்கு மேல் எண்ணெய் கொட்டியது. பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட தொண்டர்கள் கரையைத் துடைத்தார்கள். அந்தக் கப்பலின் கப்டனும் தலைமை அதிகாரியும் இந்தியர்கள். அவர்கள் ஊர் திரும்ப 2009 ஆகிவிட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் மனசு கஷ்டப்படும். ஆகவே பழைய விபத்தை எழுதும்போது யார் இடித்தார், விசாரணை என்ன சொன்னது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். ஒரே வரியில் "முன்பு மோதிய கப்பல்" என்று விட்டால், அதில் வேலை செய்த மனிதர்களுக்கும் அநியாயம்.

நமக்கு எண்ணெய் கொண்டுவராத கப்பலையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. 2020 செப்டம்பர் 3 அன்று சங்கமன்கண்டிக்கு அப்பால் தீப்பிடித்த நியூ டயமண்ட், குவைத்திலிருந்து இந்தியாவின் பாரதீப்புக்குப் போய்க்கொண்டிருந்தது. அதில் சுமார் 2,70,000 தொன் மசகு எண்ணெய் இருந்தது. பிலிப்பைன்ஸ் மாலுமி ஒருவர் இறந்துபோனார். சரக்குத் தாங்கிகளுக்குத் தீ பரவாததால் கிழக்குக் கரை தப்பியது.

என் வேண்டுகோள் இதுதான். எண்ணெய்க் கப்பல் வந்த செய்தியைப் போடும்போது பெயரோடு ஐஎம்ஓ இலக்கம், கட்டிய வருடம், கொடி, முந்தைய பெயர்கள் ஆகியவற்றையும் போடுங்கள். இது இரகசியமான தகவல் இல்லை. எக்குவாசிஸ் என்ற இணையத் தரவுத்தளத்தில் இலவசமாகப் பதிவு செய்து பார்க்கலாம். துறைமுகப் பரிசோதனைகளுக்கான இந்து சமுத்திர நாடுகளின் உடன்படிக்கையில் இலங்கையும் இருக்கிறது. குறைகளுக்காக எந்தக் கப்பல் தடுத்து வைக்கப்பட்டது என்பதை அந்த உடன்படிக்கையின் இணையத்தளத்திலும் பார்க்க முடியும்.

இவையெல்லாம் ஆங்கிலத்தில் இருப்பதால் எங்கள் பிள்ளைகள் தயங்குகிறார்கள். எப்படித் தேடுவது என்று உங்கள் மாணவர் பக்கத்தில் படத்தோடு ஒரு தடவை விளக்கிப் போட்டால், வெட்டி எடுத்து எங்கள் வகுப்பறையில் ஒட்டிவைப்பேன். உயர்தர வகுப்புப் பிள்ளைகளை வைத்து வாரம் ஒரு கப்பலைத் தேடி, கிடைப்பதை உங்களுக்கே அனுப்பிவைக்கவும் தயார்.

இப்படிக்கு,
புவியியல் ஆசிரியை ஒருவர்,
கொட்டகலை.