ஸ்பானிஷில் ‘அதுவா இதுவா’

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழின் ஸ்பானிஷ் பாடம் படித்தேன். தமிழ் வழியாக ஸ்பானிஷ் சொல்லித்தர ஒரு இதழ் முன்வந்ததே பெரிய விஷயம், அதனால் இதைப் புகாராக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் இரண்டில் ஒன்று என்று சொல்வது எப்படி என்ற பகுதியை ‘ஓ என்றால் அல்லது’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, உடனே வண்ணங்களின் பெயர்களுக்குத் தாவிவிட்டீர்களே, அது எனக்குச் சரியாகப் படவில்லை.

வீட்டுக்கு வந்தவரிடம் ‘காபி அல்லது டீ குடிக்கிறீர்களா’ என்று நம்மில் யார் கேட்கிறோம்? காபியா டீயா என்போம். ஸ்பானிஷில் அது ‘கஃபே ஓ தே?’. நாம் இரண்டு சொல்லிலும் ஆ சேர்க்கிறோம், அவர்கள் நடுவில் ஒரு ஓ போட்டு, முதல் சொல்லில் குரலை ஏற்றி இரண்டாவதில் இறக்கிவிடுகிறார்கள். பூவா தலையாவும் அப்படித்தான். ஸ்பெயினில் அது ‘காரா ஓ குருஸ்’, அதாவது முகமா சிலுவையா. மெக்சிகோவில் ‘ஆகிலா ஓ சோல்’, கழுகா சூரியனா. அந்த நாட்டு நாணயத்தில் கழுகுச் சின்னம் இருப்பதால் வந்தது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. ஆங்கிலம் வழியாக ஸ்பானிஷ் படிப்பவர்கள் ‘வெதர்’ (whether) என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு திண்டாடும் ஒரு இடம் இருக்கிறது, அங்கே தமிழ் தெரிந்தவருக்குப் பாதை ஏற்கெனவே போட்டிருக்கிறது. ‘அவர் வருவாரா மாட்டாரா தெரியவில்லை’ என்பது ‘நோ சே சி வியேனே ஓ நோ’. ‘அவர் வந்தாலும் வராவிட்டாலும் நாங்கள் கிளம்புகிறோம்’ என்பது ‘வெங்கா ஓ நோ வெங்கா, நோஸ் வாமோஸ்’. முதலாவதில் சி வருகிறது, வினை சாதாரண வடிவத்தில் நிற்கிறது. இரண்டாவதில் சி கிடையாது, வியேனே என்பது வெங்கா ஆகிவிடுகிறது, எல்லோரும் பயப்படும் சப்ஜங்டிவ் என்ற வினை வடிவம் இதுதான். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே வெதர். தமிழிலோ ஒன்றுக்கு ஆ-ஆ, இன்னொன்றுக்கு ஆலும்-ஆலும் என்று நாம் பள்ளிக்கூடம் போகும் முன்பே பிரித்துப் பேசுகிறோம். வாக்கியத்தில் ஆலும்-ஆலும் வந்தால் வினையை மாற்று என்று சொன்னாலே போதும், பாதிப் பயம் போய்விடும். ‘கியேராஸ் ஓ நோ’ கூட அதே கணக்குதான்: நீ விரும்பினாலும் விரும்பாவிட்டாலும்.

அப்புறம், அடுத்த சொல் ஓ ஒலியில் தொடங்கினால் இந்த ஓ, ஊ ஆகிவிடும் என்பதைப் பாடம் சொல்லவே இல்லை. ஏழு அல்லது எட்டு என்பது ‘சியேதே ஊ ஓச்சோ’. பெண்ணோ ஆணோ என்பது ‘முஹேர் ஊ ஓம்ப்ரே’. ஓம்ப்ரேயின் எழுத்தில் முன்னால் ஹெச் இருக்கிறது, ஆனால் அது வாயில் வருவதில்லை, காதில் விழுவதுதான் கணக்கு. எண்ணாக 7, 8 என்று எழுதினாலும் நடுவில் ஊ தான் போட வேண்டும்.

உங்கள் பயிற்சியில் 3-க்கும் 4-க்கும் நடுவே இருந்த ஓவுக்குத் தலையில் கோடு போட்டிருந்தீர்கள். பூஜ்யத்தோடு குழம்பக்கூடாது என்று அந்தக் காலத்தில் போட்டது அது. 2010-இல் வந்த ஸ்பானிய அகாதமியின் எழுத்துவிதி நூல் அதை எடுத்துவிட்டது. பழைய புத்தகத்தைப் பார்த்து எழுதியிருப்பார்கள் போலிருக்கிறது.

அடுத்த பாடத்தில் ‘நி... நி’, அதாவது இதுவும் இல்லை அதுவும் இல்லை என்பது, வரும் என்று நினைக்கிறேன். இது வினைக்கு முன்னால் வந்தால் நோ வேண்டாம்: ‘நி ஆனா நி லூயிஸ் வியேனென்’. பின்னால் வந்தால் நோ இல்லாமல் முடியாது: ‘நோ வியேனென் நி ஆனா நி லூயிஸ்’. ஆனாவும் வரவில்லை, லூயிஸும் வரவில்லை, அவ்வளவுதான். இதற்கு மட்டும் பத்துப் பதினைந்து பயிற்சி வாக்கியங்கள் போடுங்கள். விடைகளைத் தலைகீழாக அச்சடிக்காமல் அடுத்த இதழில் கொடுத்தால் இன்னும் நல்லது.

அன்புடன்,
ஒரு வாசகர், மதுரை