பேசாதவர் ஒப்புக்கொண்டவர் அல்லர்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழின் பேச்சுத் திறன் கட்டுரையில், கேள்விக்குப் பதில் வராவிட்டால் எதிரில் இருப்பவர் ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்ளலாம், இது எந்த நாட்டுக்கும் பொருந்தும் என்று ஒரு வரி வந்திருந்தது. படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. அச்சுக்குப் போகும் முன் உங்களில் ஒருவருக்கும் அது உறுத்தவில்லையா?

என் தந்தையின் அறுவை சிகிச்சை பற்றிப் பேசியபோது, மருத்துவர் எல்லாவற்றையும் மளமளவென்று சொல்லிவிட்டு "சரிதானே?" என்றார். அப்பா வாய் திறக்கவில்லை. படித்த பெரியவரின் முகத்துக்கு நேரே மறுப்புச் சொல்வது மரியாதை அல்ல என்று வளர்ந்தவர் அவர். உடனே தேதி குறித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் அப்பா, "எனக்கு இஷ்டமில்லை" என்றார். அதை நிறுத்தப் போனால், அப்போதே சொல்லியிருக்கலாமே என்று அவர் மேலேயே பழி. உங்கள் கட்டுரையாளர் சொல்லும் விதியைத்தான் அந்த மருத்துவரும் நம்பினார்.

காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் இதே விதி இன்னும் கொடுமையானது. ஆஸ்திரேலியப் பழங்குடி மக்கள் பலர், கேட்டதை மனதில் வாங்கிக்கொண்டு நிதானமாகப் பதில் சொல்கிறவர்கள். அந்த இடைவெளி மழுப்பலாகவும் குற்றத்தை மறைப்பதாகவும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதை மொழியியலாளர் டயானா ஈட்ஸ் ஆண்டுக்கணக்காக எழுதி வருகிறார். அமெரிக்கப் பழங்குடியினரான மேற்கு அப்பாச்சி மக்களைப் பற்றி 1970இல் மானிடவியலாளர் கீத் பாஸோ எழுதியதைத் தாங்கள் அறியாதவரல்லர். எதிரில் இருப்பவர் எப்படி நடந்துகொள்வார் என்று தெளிவாகாத நேரங்களில் அவர்கள் பேசியதில்லை. வெளியூர்ப் பள்ளியில் தங்கிப் படித்துவிட்டு வீடு திரும்பிய பிள்ளையிடம்கூடப் பெற்றோர் உடனே பேசிவிடவில்லை. பிள்ளை மாறியிருக்கிறதா என்று முதலில் பார்த்தார்கள். இதில் சம்மதம் எங்கே இருக்கிறது?

அப்புறம், முன்பு வந்த உங்கள் பயணச் சிறப்பிதழ். ஜப்பானியர்கள் யோசித்து யோசித்துத்தான் பதில் சொல்வார்கள் என்று அதில் போட்டிருந்தீர்கள். 2009இல் வெளியான ஓர் ஆய்வு, பத்து மொழிகளில் கேள்விக்கும் பதிலுக்கும் இடையிலான நேரத்தை அளந்தது. மிக விரைவாகப் பதில் வந்தது ஜப்பானிய மொழியில்தான். அதிக நேரம் எடுத்தது டேனிஷ் மொழி, அதுவும் சராசரியாக அரை நொடிக்குள். இதை அப்போதே உங்களுக்கு எழுதினேன். பதில் வரவில்லை. அதைச் சம்மதம் என்றோ அலட்சியம் என்றோ நான் எடுத்துக்கொள்ளவில்லை; வேலைப்பளு என்றே நினைத்தேன். அந்தப் பொறுமையை உங்கள் பேட்டிப் பக்கங்களில் காண முடியவில்லையே என்பதுதான் வருத்தம். ஒருவர் சற்றுத் தயங்கினால் போதும், "வாயடைத்துப் போனார்", "மௌனம் சாதித்தார்" என்று அச்சாகிவிடுகிறது. துக்கத்தில் இருந்தவரையும் நீங்கள் விடவில்லை. அவருக்குத் தொண்டை அடைத்திருக்கலாம், பேட்டி எடுத்தவரின் மொழி பழகாததாக இருக்கலாம், அல்லது கேள்வியே பதில் சொல்லத் தகாததாக இருந்திருக்கலாம். பக்கத்தில் இல்லாத வாசகர் இதையெல்லாம் எப்படி அறிவார்?

கட்டுரையையே திரும்பப் பெறச் சொல்லவில்லை. அந்த ஒரு வரி தவறு என்று அடுத்த இதழில் ஒரு மூலையில் போடுங்கள். பேட்டிகளில் பதில் வராத இடத்தில் "பதில் சொல்லவில்லை" என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகி