ஜஹாய் மொழி ஒலிப்பதிவுக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

மலேசியத் தீபகற்பத்தின் வடக்கே, பேராக், கிளந்தான் மாநிலங்களில் காட்டை ஒட்டிய ஊர்களில் ஜஹாய் பேசுவோர் ஏறத்தாழ 1,000 பேர். மலாய்க்கு உறவில்லாத, ஆஸ்திரோ ஆசியக் குடும்பத்தின் அஸ்லியான் கிளையைச் சேர்ந்த மொழி இது. பள்ளியும் சந்தையும் மலாயிலேயே நடப்பதால், பிள்ளைகள் பேச்சில் மலாய்ச் சொல் ஏறிக்கொண்டே போகிறது. இதன் சொற்களை ஒலியாகச் சேர்க்கும் வேலையில் உதவிய அனைவருக்கும் எங்கள் நன்றி.

முதல் நன்றி, பேசிக்கொடுத்த பெரியவர்களுக்கு. சொல்லின் கடைசியில் வரும் ப், த், க் ஒலிகளை ஜஹாயில் வெடிக்கவிடாமல் காற்றை அடைத்தபடியே நிறுத்திவிடுவார்கள். மைக் தள்ளி இருந்தால் எது ப், எது த் என்று பின்னால் தெரியாது. அதற்காக உதடு தெரியும்படி காமிராவுக்கு நேராக உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லையும் தனியாக ஒருமுறை, வாக்கியத்தில் இருமுறை என்று சலிக்காமல் சொன்னீர்கள். நம் குற்றியலுகரத்துக்குப் பக்கத்தில் வரும் உயிரொலி ஒன்றையும், மூக்கால் ஒலிக்கும் உயிர்களையும் எங்கள் வாய் சரியாகச் சொல்லும்வரை விடாமல் திருத்தினீர்கள்.

மணச்சொற்களைச் சேர்த்த அடுப்படிப் பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் தனியாக நன்றி சொல்ல வேண்டும். ஜஹாயில் மணங்களுக்கென்றே பத்துக்கு மேற்பட்ட அடிப்படைச் சொற்கள் உண்டு. பூ, டுரியான் பழம், பிந்துரோங் என்னும் பூனை போன்ற காட்டு விலங்கு ஆகியவற்றின் மணத்துக்கு ஒரே சொல். பெட்ரோல், புகை, வௌவால் எச்சம் மூன்றுக்கும் இன்னொன்று. புலியை இழுக்கும் பச்சை ரத்த வாடைக்கும் தனிச்சொல் வைத்திருக்கிறார்கள். ஜஹாய் மக்கள் நிறத்தைப் போலவே மணத்தையும் தடுமாறாமல் பெயரிடுகிறார்கள் என்பதை ஆய்வாளர்கள் அசிஃபா மஜித், நிக்லாஸ் புரென்ஹுல்ட் இருவரும் 2014இல் காட்டினார்கள். ஆனால் படம் காட்டி இச்சொற்களை வாங்க முடியாது. மலாயில் கேட்டால் "பாவ்" (மணம்) என்று மலாய்ச் சொல்லே பதிலாக வந்துவிடும். பொருளையே மூக்கருகில் நீட்ட வேண்டும். பிளாஸ்டிக் டப்பாவில் பழைய வாடை ஒட்டிக்கொள்ளும் என்பதால் மூடியுள்ள கண்ணாடிக் குப்பிகள், ஒரு குப்பிக்கு ஒரு பொருள், இரண்டுக்கு நடுவே சற்று இடைவெளி. மதியத்துக்குள் பூவின் மணம் மாறிவிடும் என்று அன்றாடம் விடியலில் புதிதாகப் பறித்து வந்தீர்களே, அதனால்தான் அந்தப் பதிவுகள் தேறின.

பேராக்கின் தெமெங்கோர் ஏரியில் படகோட்டிய அண்ணன்மார் மெமரி கார்டுகளைச் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாப் பெட்டியில் ஈரம்படாமல் சேர்த்தார்கள். ஜிங்க் கூரையில் மழை விழுந்தால் பதிவு வீண். ஆகவே காலையிலேயே வீட்டைத் திறந்துவிட்டு, ஜெனரேட்டரை நிறுத்திவைத்த குடும்பங்களுக்கும் நன்றி.

ஒரு நிமிடப் பேச்சை எழுத்தில் கொண்டுவர ஒரு மணி நேரம்கூட ஆகும். ஹெட்போன் மாட்டி அதைச் செய்த ஜஹாய் இளைஞர்களின் உழைப்புதான் இத்தொகுப்பின் முதுகெலும்பு. மூலப்பதிவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில், சுருக்காத வேவ் கோப்பாக மூன்று இடங்களில் இருக்கிறது. ஊரில் இணையம் எட்டாததால் எம்பி3 பிரதிகளைக் கைப்பேசி கார்டுகளில் ஏற்றிக் கொடுத்திருக்கிறோம். எம்பி3 சுருக்கும்போது மெல்லிய ஒலிகளைக் கழித்துவிடும். ஆய்வுக்கு அதை எடுக்க வேண்டாம்.

"இந்தக் கதை வெளியே போக வேண்டாம்" என்று சொன்னவர்களுக்கும் நன்றி. அவை பூட்டிய கோப்புறையில் உள்ளன. சொன்னவரோ அவர் குடும்பமோ சம்மதித்தால் மட்டுமே திறப்போம்.

இப்படிக்கு,
ஜஹாய் ஒலிப்பதிவுக் குழுவினர்